அக்கா விசாரித்த வண்டி

லண்டனில் எங்கள் தோர்ண்டன் ஹீத்தில் அவருக்குப் பெயர் ஜேர்மனி அக்கா. பாஸ்போர்ட்டில் வேறு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பதினெட்டு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர் என்பதால் ஜேர்மனி அக்கா. அடுத்த தெருவில் இருந்தவர் பிரான்ஸ் மாமா. யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஆளுக்கு ஒரு நாட்டைப் பட்டமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அக்கா பேசி முடித்த ஒரு கல்யாணத்தின் அழைப்பிதழிலேயே ‘ஜேர்மனி அக்கா குடும்பத்தினர்’ என்று அச்சடித்திருந்தார்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

நான் மலேசியாக்காரன், ஈப்போ. படிக்க வந்தவன், படிப்பு முடிந்தும் ஊருக்குப் போகாமல் ஒட்டிக்கொண்டேன். பாலம், கட்டடம் இவை எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்கிற வேலை எனக்கு. அக்காவுக்கு அந்த வேலையின் மேல் பெரிய மரியாதை கிடையாது. வண்டியில் எண்ணெய் ஊற்றுகிற இடம் எது, தண்ணீர் ஊற்றுகிற இடம் எது என்று தெரியாதவரை எஞ்சினியர் என்று யார் சொன்னது என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அக்காவுக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று கல்யாணம், மற்றது டீசல் எஞ்சின். கல்யாணம் அவருக்குப் பிறவியிலேயே வந்தது. டீசல், ஜெர்மனியில் வந்தது. அங்கே ஒரு நகரத்து பஸ் டிப்போவில் தரை துடைக்கச் சேர்ந்தவர். ஒருநாள் எண்ணெய் பார்க்கிற ஆள் வரவில்லை. வாளியை ஓரமாக வைத்துவிட்டு இவர் பார்த்தார். அதன் பிறகு தினமும் காலையில் பஸ்கள் வெளியே போவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பது அவருடைய வேலையாகிவிட்டது. கறுப்புப் புகை என்றால் என்ன, நீலப் புகை என்றால் என்ன, வெள்ளைப் புகை என்றால் என்ன என்று அவர் சொல்வதைக் கேட்டால் வைத்தியர் நாடி பிடித்துச் சொல்வது மாதிரி இருக்கும். லண்டனில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஷிப்ட் வேலை பார்த்தார். மிச்ச நேரத்தில் ஊருக்கெல்லாம் மாப்பிள்ளையும் பழைய வண்டியும் பார்த்துக்கொடுத்தார். இரண்டுக்கும் காசு வாங்கமாட்டார்.

இரண்டையும் அவர் ஒரே மாதிரிதான் விசாரிப்பார் என்பதை நான் பிறகுதான் கண்டுகொண்டேன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகுமுன் பக்கத்து வீட்டில் கேட்பார். வண்டி விற்கிறவர் வீட்டுக்குப் போகுமுன்னும் பக்கத்து வீட்டில் கேட்பார். சாதகம் பார்க்கிற கண்ணோடுதான் சர்வீஸ் புத்தகத்தையும் பார்ப்பார். “பல்லைக் காட்டிச் சிரிக்கிறவனையும் புதுசாப் பெயின்ற் அடிச்ச வண்டியையும் நம்பக்கூடாது” என்பது அவர் அடிக்கடி சொல்வது. இவ்வளவும் பார்த்து ஒரு தடவை ‘ஓம்’ என்று சொல்லிவிட்டால், அதோடு தீர்ந்தது. அதன் பிறகு அந்த மாப்பிள்ளையிலோ அந்த வண்டியிலோ ஒரு குறை உண்டென்று பிரம்மாவே வந்து சொன்னாலும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

அவர் பார்த்துக் கட்டிவைத்த ஒரு மாப்பிள்ளை வாயே திறப்பதில்லை என்று ஆறு மாதம் கழித்துப் பெண் வந்து அழுதாள். கதைக்காதவன் பொய்யும் சொல்லமாட்டான் என்று அனுப்பிவைத்தார். இன்னொரு மாப்பிள்ளை சொன்னதைவிட இரண்டு அங்குலம் குட்டை என்று புகார் வந்தது. அன்றைக்குக் காலில் சப்பாத்தோடு அளந்திருப்பார்கள் என்றார். அவர் வாங்கிக்கொடுத்த ஒரு வேன் வாங்கிய மூன்றாவது வாரம் நடுத்தெருவில் நின்றபோது, நின்றது வண்டியின் பிழை இல்லை, ஓட்டினவரின் பிழை என்று நிரூபிக்க அரை நாள் செலவழித்தார். நிரூபித்தும் விட்டார்.

ஒரே ஒரு சம்பந்தம் உடைந்தே போனது. பிள்ளைகள் இருவரும் இரண்டு வருடத்தில் பிரிந்துவிட்டார்கள். அதைப் பற்றி யாரும் அக்காவிடம் கேட்கத் துணிவதில்லை, நான் துணிந்தேன். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ரெண்டும் நல்ல பிள்ளையள். காலம்தான் பிழை. நான் பாத்தது பிழையில்லை. ஒருக்கா நான் பிழையாப் பாத்திட்டன் எண்டு சொன்னா, பிறகு ஆர் தம்பி என்னை நம்பி ஒரு பெட்டையைக் குடுப்பினம்? எனக்கு இருக்கிறது இந்தச் சொல் ஒண்டுதான்.” சொல்லிவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பித்தார். எனக்கு அப்போது கொஞ்சம் கோபம்தான் வந்தது. அந்தப் பெண் பட்ட பாட்டுக்கு இவர் ஒரு வார்த்தை வருத்தமாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் பாதி வருடம் அக்காவிடம் யாரும் கல்யாணம் பேசவில்லை. பேசுகிற மனநிலை அந்தத் தெருக்களில் ஒருவருக்கும் இல்லை. சித்திரையிலும் வைகாசியிலும் அவர் ஷிப்ட் முடிந்ததும் நேரே பாராளுமன்றத்துக்கு எதிரே போய், போரை நிறுத்தச் சொல்லிக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். பிறகு அங்கே நிற்பதற்கும் காரணம் இல்லாமல் போய்விட்டது. அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆடி மாதம் என் அப்பா மலேசியாவிலிருந்து வந்தபோதுதான் அக்கா மறுபடி எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார்.

அப்பா மலாயா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயதிலும் கால்சட்டையைத் தானே இஸ்திரி போட்டு, மடிப்பு கத்தி மாதிரி நிற்க உடுத்துவார். முப்பது வருடமாக நான் கூப்பிட்டும் வராதவர், அம்மா போன பிறகு ஒருவழியாக வந்தார். வந்தவர் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டேன் என்றார். அரண்மனை, அருங்காட்சியகம், ஆர்ச்வே முருகன் கோயில், எதைச் சொன்னாலும் ஒரே பதில்: “அதான் டிவில காட்றானே.” ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்களை எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு மாதமாயிற்று. இவ்வளவு தூரம் வந்தது பஸ் எண்ணவா என்று நான் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன்.

அக்கா வந்து அப்பாவோடு அரை மணி நேரம் பேசினார். ஈப்போவில் என்ன மீன் கிடைக்கும், ரயிலில் டிக்கெட் இல்லாமல் வருகிறவர்கள் எங்கே ஒளிவார்கள் என்று ஏதேதோ கேட்டார். பிறகு சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“தம்பி, ஐயாவுக்குச் சலம் அடிக்கடி போகுதோ?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்கு இரண்டு வருடம் முன்னால் ஓர் அறுவை நடந்தது எனக்குத் தெரியும். அதன் பிறகு அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போகவேண்டும், வந்தால் அடக்க முடியாது என்பது தெரியாது. பெற்ற மகனிடம் அவர் சொல்லவில்லை. அக்காவிடமும் அவர் சொல்லவில்லைதான். ஆனால் அரை மணி நேரத்தில் இரண்டு தடவை எழுந்து போனதையும், ஒவ்வொரு தடவையும் ‘கை கழுவிட்டு வர்றேன்’ என்றதையும், தேநீரை வாயில் வைக்காததையும் அக்கா பார்த்திருந்தார்.

“ஐயாவுக்கு ஊர் பாக்க விருப்பம் இல்லாமல் இல்லை. வெக்கம். கக்கூசோட ஒரு காரவன் வாங்கும்” என்றார்.

அவர் காரவன் என்றது, உள்ளேயே கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் வைத்துத் தானே ஓடுகிற மோட்டார்ஹோமை. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மூன்று நாள் தூக்கம் வரவில்லை. நாலாம் நாள் வாங்குவது என்று முடிவு செய்தேன். அப்பாவிடம் எனக்கு நெடுநாள் ஆசை என்று சொன்னேன். புத்தி கெட்டுப்போச்சா என்று கேட்டுவிட்டு அவர் பஸ் எண்ணப் போய்விட்டார்.

கென்ட் பக்கம் ஒரு சிறிய ஊரில் பதினைந்து வருடப் பழைய டீசல் மோட்டார்ஹோம் ஒன்று விலைக்கு இருந்தது. விற்றவர் கணவரை இழந்த ஒரு வெள்ளைக்கார அம்மா. நாங்கள் போய்ச் சேர்ந்ததும் நான் நேரே மணியை அழுத்தப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். முதலில் வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜாச் செடி வெட்டிக்கொண்டிருந்த கிழவரிடம் போனார். ஜெர்மனும் ஆங்கிலமும் கலந்த அவருடைய பாஷையில் கால்மணி நேரம் பேசினார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது. வண்டி இரண்டு குளிர்காலமாக எங்கேயும் போகவில்லையாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த அம்மா அதில் ஏறி, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு இறங்குவாராம். கேட்பாரில்லாமல் கிடந்த வண்டி இல்லை, நல்ல குடும்பம் என்றார் அக்கா.

பிறகு வண்டியைப் பார்த்தார். பார்த்தார் என்றால், பெண் பார்க்க வந்த மாமியார்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார். எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தால் நாங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள், குளிரில் கிளம்பாத எஞ்சினை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். சில்லென்று இருந்தது. சாவியைப் பாதி திருப்பி, எஞ்சின் சூடாவதைக் காட்டுகிற மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்து, பிறகு முடுக்கினார். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து, மறைந்தது; குளிர்ந்த எஞ்சினுக்கு அது நல்ல அடையாளம். உள்ளே ஏறி ஜன்னல்களுக்கு மேலே சுவரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார்; மெத்தென்று இருந்தால் மழைத்தண்ணீர் இறங்கிப் பலகை ஊறியிருக்கும். அலமாரிகளுக்குள் தலையை விட்டு முகர்ந்தார். டயரின் பக்கவாட்டில் கண்ணாடி போட்டு, செய்த வாரத்தையும் வருடத்தையும் சொல்கிற நாலு இலக்கத்தைத் தேடிப் படித்தார். பார்வைக்குப் புதிது மாதிரி இருந்த டயருக்கு ஒன்பது வயது. “இதுக்கு வயசைக் குறைச்சுச் சொல்லிப்போட்டினம்” என்றார். இருந்தாலும் டயரை மாற்றிவிடலாம், குணத்தை மாற்ற முடியாது, குணம் நல்லது என்று எனக்குத் தமிழில் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மா ஒரு தட்டில் தேநீரும் கேக்கும் கொண்டுவந்தார்.

“கை நனைச்சுப் போடாதையும். இன்னும் முடிவு சொல்லேல்லை” என்று அக்கா என் காதில் சொன்னார்.

பெண் பார்க்கப் போகிற வீட்டில் சம்மதம் சொல்லுமுன் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது என்பது வழக்கம். கென்டில் இருக்கிற ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு இது எப்படித் தெரியும்? அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அந்த அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, கோப்பைகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. ஒரு கோப்பையை எடுத்துச் சுடச்சுடக் குடித்தேன், நாக்கு வெந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில், பெண் வீட்டில் பலகாரம் தின்றுவிட்டுப் பிறகு பிடிக்கவில்லை என்கிறவனைப் பார்க்கிற வெறுப்பு இருந்தது.

ஆனால் நான் குடித்தது நல்லதாகப் போயிற்று. கை நனைத்தாயிற்று, இனிப் பேச்சு மாறக்கூடாது என்று அக்கா அங்கேயே சம்மதம் சொன்னார். சொன்ன கையோடு உள்ளே போய் உட்கார்ந்து மூன்று துண்டு கேக் சாப்பிட்டார். எதற்காக முதலில் மறுத்தோம் என்று கையையும் காலையும் ஆட்டி விளக்கினார். அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியானால் இனி நான் உங்களுக்குச் சம்பந்தியா என்று கேட்டார். அக்கா தீவிரமான முகத்தோடு ஓம் என்றார். அந்த வருடம் தீபாவளிக்கும் அடுத்த பொங்கலுக்கும் கென்டுக்குப் பலகாரம் போனது.

இனி அது அக்கா விசாரித்த வண்டி. அதற்கு ஒரு குறை சொல்லிவிட முடியாது. ஆர்ச்வே முருகன் கோயிலில் பூசை போடலாம் என்று லண்டனின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு ஓட்டிப் போனேன். மேட்டில் ஏறும்போது பின்னால் கறுப்புப் புகை கிளம்பி, ஒரு பஸ் முழுக்க எங்களைத் திட்டியது. வயதான எஞ்சின் மேடு ஏறினால் மூச்சு வாங்காதா என்றார் அக்கா. பக்கக் கதவு மூன்று தடவை அறைந்தால்தான் சாத்தும். அது ரோசமுள்ள கதவாம், மெதுவாகச் சொன்னால் கேட்காதாம். டீசல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். நிறைந்தாலும் ஆடாமல் குறைந்தாலும் வாடாமல் இருக்கிற அந்தக் குணம் மனிதருக்கு வருமா என்றார். ஒவ்வொரு ஞாயிறும் வந்து எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்ப்பார், டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை ஒரு ஜாம் போத்தலில் வடிப்பார். கதவின் கொண்டியை நான் பார்க்காத நேரத்தில் ராவிச் சரிசெய்தார். சரிசெய்துவிட்டு, பாரும், நான் அப்பவே சொன்னேனே, கதவில் ஒன்றும் இல்லை என்றார்.

அப்பாவுக்கு வண்டியைச் சுற்றிக்காட்டியதும் அவர்தான். காஸ் அடுப்பு, கட்டில், இருக்கைக்கு அடியில் தண்ணீர்த் தாங்கி, எல்லாம் காட்டி வந்து, ஒரு மூலையில் குறுகலான கதவைத் திறந்தார். வழியிலே பொம்பிளையளுக்குத்தான் கரைச்சல், அதுக்காக இது என்றார். அந்தக் கதவை அப்பா ஒரு தடவை திறந்து பார்த்து, மூடி, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்ததை நான் கண்டேன். அடுத்த சனிக்கிழமை, சும்மாதானே இருக்கேன், வந்துட்டுப் போறேன் என்று தானாகவே ஏறினார். கடற்கரைக்குப் போனோம். அதற்கடுத்த வாரம் வேறொரு கடற்கரை. அரை மணிக்கொரு தடவை கை கழுவினார். தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. எனக்கு அக்காவின் காலில் விழலாம் போல இருந்தது, விழுந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பார்.

மூன்றாவது பயணம்தான் பெரியது. அப்பா இளைஞராக ரயில்வேயில் சேர்ந்தபோது, பயிற்சிக்கூடத்துச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்ததாம். ஸ்கொட்லாந்தில் கடல்மேல் கட்டிய சிவப்பு ரயில் பாலம். அதன் பெயர், அதன் நீளம், எத்தனை பேர் கட்டினார்கள் எல்லாம் அவருக்குப் பாடம். மகன் பாலக்காரன் ஆனதே அந்தப் படத்தால்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறேன் என்றார். இரண்டு நாள் ஓட்டம். முதல் நீண்ட ஓட்டத்துக்கு வண்டியைத் தனியாக அனுப்பமாட்டேன் என்று அக்கா லீவு போட்டுவிட்டு வந்தார். நான் ஓட்ட, பக்கத்தில் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார, பின்னால் அப்பாவும் என் மனைவியும்.

இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டதும் அப்பா இருக்கையில் சாய்ந்தபடி தூங்கிவிட்டார். பாலம் தெரிகிற கரையில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினேன். மனைவி இறங்கிப் போய்விட்டாள். அப்பா விழித்துவிட்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பாலம் முழுதாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கக் கதவில் நின்றபடி, வாங்கப்பா, என்றேன். “நீ போ. நான் இங்கேர்ந்தே பாத்துக்கிறேன்” என்றார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. ஒரு திருட்டுப் பயணியைப் பிடித்தால் அவன் பேசுவானே, அந்தக் குரல்.

அப்போதுதான் இருக்கையின் துணி இருண்டிருப்பதைக் கண்டேன். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. என்ன சொன்னாலும் அவர் அன்றைக்கே விமானத்தில் ஏறி ஊருக்குப் போய்விடுவார், அதன் பிறகு வீட்டு வாசலைத் தாண்டமாட்டார் என்று மட்டும் தெரிந்தது.

அக்கா தேநீருக்குக் கேத்தலோடு பின்னால் வந்தார். ஒரு கணம் பார்த்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா கேத்தலை வைத்துவிட்டு, அப்பாவின் இருக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அடியில் இருந்த சின்னக் கதவைத் திறந்தார். அதற்குள்தான் தண்ணீர்த் தாங்கி. குழாயைப் பிடித்திருந்த வளையத்தை அவர் விரலால் திருகுவதை நான் பார்த்தேன். அன்று காலையில் அவர் சொல்லி நானே முறுக்கிய வளையம் அது. தண்ணீர் பீறிட்டது. தரை, இருக்கை, அக்காவின் சேலை, அப்பாவின் சப்பாத்து, எல்லாம் நனைந்தது.

“ஐயோ, தாங்கி ஒழுகுது தம்பி” என்று அக்கா கத்தினார். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “ஐயா, குறை நினையாதேங்கோ. வண்டியில பழுது. வாங்கேக்கை நான் இதை வடிவாப் பாக்கேல்லை. பிழை என்ரை. உங்களை முழுக்க நனைச்சுப்போட்டன்.”

அப்பா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு தன் கால்சட்டையைப் பார்த்தார்.

“சிலுவார் பூரா நனைஞ்சிருச்சு” என்றார். அவருடைய சொந்தக் குரல் திரும்பியிருந்தது. “என்னம்மா நீங்க, வண்டி வாங்குறப்ப தண்ணித் தொட்டிய பாக்க மாட்டீங்களா?”

“ஓம் ஐயா. பாத்திருக்கவேணும்.”

அப்பா மாற்றுக் கால்சட்டையை எடுத்துக்கொண்டு அந்தக் குறுகலான கதவுக்குள் போனார். கத்தி மடிப்போடு வெளியே வந்து, படி இறங்கி, கரை ஓரம் போய் நின்றார். பாலத்தின் பாதியை வர்ணம் அடிப்பதற்காக வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டுப் பாதியைத்தான் காட்டுகிறானா என்று சிரித்தார். ஒன்றரை மணி நேரத்தில் பதினொரு ரயில் போனது. ஒவ்வொன்றுக்கும் கையை உயர்த்தினார். அவ்வளவு நேரமும் அக்கா ஈரச்சேலையோடு வண்டிக்குள் மண்டியிட்டு, ஸ்பேனரும் துணியுமாக, பழுதே இல்லாத தாங்கியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தடவை அப்பா வந்து எட்டிப் பார்த்தார். அப்படிப் பார்ப்பார் என்பதற்காகத்தான் அக்கா எழுந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நான் மட்டும் அதன் பிறகு ஒரு தப்புச் செய்தேன். அப்பாவைப் பேசவிட்டேன். அவருக்கு அந்தக் கதை பிடித்துப்போயிற்று. கடையில், கோயிலில், ஈப்போவுக்கு டெலிபோனில், எங்கேயும் சொன்னார். நல்ல வண்டிதான், அந்தம்மா நல்லாத்தான் விசாரிச்சாங்க, ஆனா தண்ணித் தொட்டியில ஏமாந்துட்டாங்க. ஜேர்மனி அக்கா தன் வாயால் பிழை என்று ஒப்புக்கொண்டார் என்ற செய்தி லண்டனின் தெற்கே குரோய்டனிலிருந்து கிழக்கே செவன் கிங்ஸ் வரைக்கும் ஒரு வாரத்தில் போய்விட்டது. பல வருடம் அவரிடம் வாய் திறக்க முடியாதவர்களுக்கெல்லாம் வாய் வந்தது. பேசாத மாப்பிள்ளை, குட்டை மாப்பிள்ளை, நடுத்தெருவில் நின்ற வேன் எல்லாம் மறுபடி கிளம்பின. செவன் கிங்ஸில் ஒரு டாக்டர் பெண்ணுக்கு வரன் பார்க்கச் சொல்லி அக்காவைக் கேட்டிருந்தார்கள். தாங்கியையே வடிவாகப் பார்க்காத மனுசி மாப்பிள்ளையை எப்படிப் பார்ப்பா என்று பெண்ணின் தாய் சொன்னாராம், வேறு ஆளிடம் போய்விட்டார்கள். அக்காவிடம் நேரே யாராவது சீண்டினால், ஓம், அது பிழைச்சுத்தான் போச்சு என்பார். உடைந்த சம்பந்தத்துக்குக்கூட இதைச் சொல்லாதவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா ஊருக்குப் போன மறுநாளே அக்கா வீட்டுக்குப் போய், இனி நாலு பேருக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் என்னை உள்ளேயே விடவில்லை. “நீர் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதையும். ஈப்போவிலயும் டெலிபோன் இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஐந்து வருடம் கழித்து அப்பா இறந்தார். அதுவரை ஒவ்வொரு வருடமும் வந்தார், அந்த வண்டியில் வேல்ஸ்வரைக்கும் போனார். ஈப்போவில் காரியங்களை முடித்துக்கொண்டு திரும்பியதும் அக்காவைப் போய்ப் பார்த்தேன். எப்படிப் போனார், யார் பக்கத்தில் இருந்தது, என்ன சாப்பிட்டார், கொள்ளி வைத்தது யார் என்று எல்லாம் விசாரித்தார். தேநீர் போட்டுக் கொடுத்தார். குடித்து முடித்ததும், இனிமேலாவது அந்தத் தாங்கி ஒழுகவில்லை என்று எல்லாரிடமும் சொல்லலாமா அக்கா என்று கேட்டேன்.

அவர் என் கோப்பையை வாங்கிக் கழுவினார். துடைத்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

“அது ஒழுகினதுதான் தம்பி” என்றார். “நான்தான் வடிவாப் பாக்கேல்லை.”